வாடகை வண்டிக்கு ஜி.பி.எஸ்., எமர்ஜென்சி பட்டன்: எஃப்.சி.யில் எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

எஃப்.சி. என்னும் தகுதிச்சான்றுக்குப் போகும்போது இந்த இரண்டையும் பார்க்கிறார்கள். விதி சின்னதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச். பர்மிட் போட்டு ஆள் ஏற்றும் வண்டியில் இடம் காட்டும் கருவியும், ஆபத்தில் அழுத்த பட்டனும் இருக்க வேண்டும். 2016 நவம்பரில் அறிவித்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வண்டிகளுக்குக் கட்டாயம். டூவீலர், ஆட்டோ, ஓன் போர்டு கார் இதில் வராது. நாமக்கல் கேஸ் டேங்கர்களுக்கு விதி தனி, அதை விட்டுவிடுவோம்.

2018 டிசம்பருக்குள் பதிவான வண்டி என்றால், எந்தத் தேதியிலிருந்து என்பதை மாநில அரசுதான் அறிவிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில், “எல்லா வண்டிக்கும் வந்திருச்சுங்க, இன்னைக்கே மாட்டீருங்க” என்று யாராவது சொன்னால், எந்த உத்தரவு, என்ன தேதி என்று கேளுங்கள். பாதிப்பேர் அதோடு நகர்ந்துவிடுவார்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஜி.பி.எஸ். செல்லாது. ஏ.ஐ.எஸ். 140 தரச்சான்று பெற்ற கருவிதான் வேண்டும். ஆனால் சரியான கருவியை வாங்கியவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண் (அதன் அடையாள எண்) உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணோடு சேர்ந்து, அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் ஏற வேண்டும். ஏற்ற வேண்டியது விற்றவர். ஏறாவிட்டால் நாயாய் அலைவது நீங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன்காரர் ஒருவருக்குச் சேசிஸ் எண்ணில் ஒரே ஓர் எழுத்து தப்பாக ஏறிவிட்டது. எஃப்.சி.க்குப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்), “சிஸ்டத்துல காட்டல, டீலரைப் பாருங்க” என்றார். டீலர் கம்பெனியைக் கைகாட்டினார். கம்பெனி போனை எடுக்கவே இல்லை. “ஏனுங்க, பொட்டி வண்டிக்குள்ளயே இருக்குது, லைட்டும் எரியுது, வந்து பாருங்க” என்று அவர் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் எஃப்.சி. தேதி தாண்டிவிட்டது. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். தப்பு யாருடையது என்று அந்தக் கணக்கு கேட்காது.

அதனால் மாட்டும் அன்றே, பணம் கொடுக்கும் முன், வாகன் பதிவைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.யைக் கையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, ஒரு பிரிண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். “சாயங்காலம் ஏத்தீர்றனுங்க” என்றால் பணமும் சாயங்காலமே.

அப்புறம் சிம். கருவிக்குள்ளேயே இருக்கும், நீங்கள் மாற்ற முடியாது. ரீசார்ஜ் எத்தனை வருடம், முடிந்தால் யார் கட்டுவது, எவ்வளவு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடையை மூடிவிட்டுப் போனவர்களிடம் வாங்கியவர்கள் புதுக் கருவிக்கே மறுபடி செலவழிக்கிறார்கள்.

இந்தக் கருவி செயற்கைக்கோளிலிருந்து தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். அதை வெளியே சொல்வது செல்போன் டவர் வழியாகத்தான். ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது சிக்னல் போன இடத்தில் பட்டனை அழுத்தினால், சிக்னல் திரும்பும் வரை தகவல் நகராது. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எஃப்.சி.க்கு முந்தைய நாள் வண்டியை ஒருமுறை பாருங்கள். புது சீட் கவர் போட்டவன் பட்டனை உள்ளே வைத்துத் தைத்திருப்பான். பேட்டரி இறங்குகிறது என்று எலக்ட்ரீசியன் வயரைக் கழற்றி விட்டிருப்பான். பட்டன் வேலை செய்கிறதா என்பதைக் கருவிக் கடைக்காரரை வைத்தே சோதியுங்கள். சும்மா அழுத்திப் பார்த்தால் அவசர அழைப்பு போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அன்றே மனு எழுதி, அந்த ஆபீஸிலேயே கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். பிறகு கூடுதல் கட்டணத்தை எதிர்த்துக் கேட்க உங்களிடம் இருக்கும் ஒரே தாள் அதுதான்.