ஒரு லிட்டர் டீசலுக்கு எவ்வளவு தண்ணீர்?

ஒரு லிட்டர் டீசலுக்குள் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. வீட்டு மீட்டரில் ஓடுகிறதே, அதே யூனிட்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த, ஒரு யூனிட்டை 367 பங்காக்கி அதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். அப்படியானால் தண்ணீர் மட்டம் 10 மீட்டர் கீழே இருக்கும் கிணற்றிலிருந்து ஒரு லிட்டர் டீசல் 3,67,000 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டும். ஆயில் எஞ்சின் பம்பு செட்டில் வாய்க்காலில் வந்து விழுவதோ 30,000 லிட்டர். நன்றாகப் பராமரித்த செட் என்றால் 40,000.

மீதியில் ஒரு பெரும் பங்கை யாராலும் மீட்க முடியாது. சிறிய ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சினில் எரியும் டீசலின் ஆற்றலில் சுமார் 30 சதவீதம்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சம் புகையோடும் கூலிங் தண்ணீரோடும் வெப்பமாகப் போய்விடும். அது வெப்ப எஞ்சின்களின் இயல்பு. ஆனால் சக்கரத்துக்கு வந்து சேர்ந்த அந்த 3 யூனிட்டிலும் 2 யூனிட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. பெல்ட், பம்பு, புட்வால்வு (பைப்பின் அடி நுனியில் இருக்கும் ஒருவழி வால்வு), பைப் என்று கைக்கு எட்டும் இடங்களில்தான் தொலைகிறது. எரிபொருளை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஏனென்று கடைசியில் சோலார் பேனலுக்கு விலை கேட்கும்போது தெரியும்.

முதலில் அளந்துவிடுவோம். 200 லிட்டர் பேரல் ஒன்று, கைபேசியில் நொடி காட்டும் கடிகாரம், ஒரு கயிறு, ஒரு லிட்டர் அளவுக் குவளை ஆகியவை போதும். பேரல் 20 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 10 லிட்டர், மணிக்கு 36,000 லிட்டர். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிற்றை விட்டுத் தண்ணீர் மட்டத்திலிருந்து பைப் வாய் வரை அளக்க வேண்டும். ஓட ஓட மட்டம் இறங்கும் என்பதால் ஓடாதபோது எடுத்த அளவு உதவாது. டீசல் டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி கழுத்து வரை நிரப்ப எவ்வளவு ஊற்றினோம் என்று பார்த்தால் மணிக்கான செலவு வந்துவிடும். 1.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு 30 ஆயிரம் லிட்டர் தண்ணீர். அந்த 30-ஐ உயரமான 10-ஆல் பெருக்கி 3,670-ஆல் (10 யூனிட் × 367) வகுத்தால் 0.082, அதாவது டீசலின் ஆற்றலில் 8 சதவீதம்தான் தண்ணீரைத் தூக்கியிருக்கிறது. இந்த ஒரு எண் கையில் இருந்தால், பிறகு செய்யும் எந்த மாற்றமும் பலித்ததா இல்லையா என்று நாமே சொல்லிவிடலாம்.

இந்த 8 சதவீதக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். ரெண்டரை இன்ச் பைப், அதாவது 65 மி.மீ. மொத்த நீளம் 20 மீட்டர். நொடிக்கு 10 லிட்டர் போக வேண்டுமென்றால் தண்ணீர் அதற்குள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் பைப்பின் உட்சுவரில் உராய்வதற்கு மட்டும் 2.8 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் அளவு ஆற்றல் போகிறது. மூணு இன்ச் பைப்பாக (80 மி.மீ.) மாற்றினால் அது 1 மீட்டராகிவிடும். அரை இன்ச்சுக்கா இவ்வளவு என்று தோன்றும். ஒரே அளவு தண்ணீருக்கு உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் குறையும். விட்டம் கால் பங்கு கூடினால் உராய்வு மூன்றில் ஒரு பங்காகிறது. துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு பிவிசி போடும்போது கிடைக்கும் லாபம் இதற்கு மேல்.

புட்வால்வு இன்னும் மோசம். தண்ணீருக்குள் கிடப்பதால் யார் கண்ணிலும் படாது. சல்லடைத் துளைகள் சிறியதாக, கனமான மடல் பாதிதான் திறக்கும்படி வார்த்த மலிவான வால்வு, இந்த வேகத்தில் 2.3 மீட்டர் தின்றுவிடும். துளைகளின் மொத்தப் பரப்பு பைப் வாயைப் போல மூன்று மடங்காவது இருந்து, மடல் முழுக்க எழும்பும் வால்வை மூணு இன்ச் பைப்பில் போட்டால் 0.2 மீட்டர்கூட ஆகாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கடையில் கவிழ்த்துப் பிடித்து, மடலை விரலால் தள்ளி, எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும். அடைத்துக்கொண்ட பாசியும் இலையும் நல்ல வால்வையும் கெட்ட வால்வாக்கிவிடும்.

அடுத்து, தண்ணீர் வந்து விழும் அந்த அழகான டெலிவரி பைப். தொட்டிக்கு மேலே ஆள் உயரத்தில் வளைத்துவிட்டு, தண்ணீர் அருவிபோலக் கொட்டினால்தான் பம்பு 'நல்லா எடுக்குது' என்று பலருக்கு நிம்மதி. கீழே நின்று குளிக்க அதைவிடச் சுகம் இல்லை என்பதை மறுக்கவும் முடியாது. ஆனால் தொட்டிக்குத் தேவையில்லாமல் தூக்கிய ஒவ்வொரு மீட்டருக்கும் டீசல் எரிந்திருக்கிறது. நம் கிணற்றில் அந்த வீண் உயரம் 1 மீட்டர். சட்டென்று மடங்கும் இரண்டு எல்போக்களில் இன்னொரு 0.8 மீட்டர் போகிறது. அகலமாக வளையும் பெண்டு போட்டால் அது அறவே தெரியாது.

கூட்டிப் பாருங்கள். கயிற்றில் அளந்தது, வாயின் அந்த வீண் 1 மீட்டரும் சேர்த்தே, 10 மீட்டர். பம்பு உண்மையில் தள்ளிக்கொண்டிருந்தது 15.9 மீட்டருக்கு. பைப், வால்வு, வளைவு, வாய் நான்கையும் சரிசெய்த பிறகு 10.3 மீட்டர். அதே தண்ணீர், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த பாரம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'பைப்பெல்லாம் மாத்தியாச்சு, டீசல் குறையவே இல்லை' என்பார்கள். சுழன்று தண்ணீரை வீசித் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் பம்பின் குணம் அது. எதிர்ப்பு குறைந்தால் அது சும்மா இருக்காது, அதிகத் தண்ணீரைத் தள்ளும். தள்ளும் தண்ணீர் கூடினால் எடுக்கும் சக்தியும் கூடும். எஞ்சின் திணறிக் கறும்புகை விடலாம். லாபம் வேண்டுமானால் ஒன்று, ஓட்டும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் எஞ்சின் பக்கத்துப் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை) சற்றுச் சிறியதாக்கி பம்பின் வேகத்தைப் பத்து, பன்னிரண்டு சதவீதம் இறக்க வேண்டும். எதிர்த்திசைத் தவறு இன்னும் பரவலானது. தண்ணீர் போதவில்லை என்று பெரிய புல்லி போடுவார்கள். வேகம் 10 சதவீதம் கூடினால் பம்பு கேட்கும் சக்தி ஏறக்குறைய 33 சதவீதம் கூடிவிடும்.

பட்டை பெல்ட்டில் ஒரு சின்ன விஷயம். பெல்ட்டின் இழுபடும் பக்கம் கீழேயும் தொய்யும் பக்கம் மேலேயும் இருக்க வேண்டும். அப்போது தொய்வு புல்லியின் மீது படிந்து பிடிப்பு கூடும். எஞ்சினைத் தப்பான பக்கம் வைத்துவிட்டால் இது தலைகீழாகி, பெல்ட் வழுக்கும். ஓடி நின்றதும் புல்லியைத் தொட்டால் கை சுடுகிறதா, அந்தச் சூடு நீங்கள் வாங்கிய டீசல். அதற்காக பேரிங் கதறும் அளவுக்கு இறுக்கிக் கட்டுவதும் நஷ்டம்தான். பம்பின் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்டு கயிறு விஷயத்திலும் இதே கதை. சொட்டுச் சொட்டாகக் கசிவதுதான் சரி. ஒரு சொட்டும் வராமல் முறுக்கினால் தண்டு தேயும், எஞ்சினுக்குப் பாரம்.

எஞ்சினில் கவனிக்க வேண்டியவற்றில் கூலிங்கைப் பற்றித்தான் நிறைய பேர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். பம்பின் டெலிவரியிலிருந்து ஒரு குழாய் எடுத்து, குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை எஞ்சினுக்குள் தாராளமாக ஓடவிடுவார்கள். வெளியே வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சின் 'கூலாக' இருக்கிறது என்று மகிழ்ச்சி. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் முழுக்க எரியாது, ஆயில் தடித்து இழுவை கூடும், புகையிலுள்ள கந்தகமும் ஈரமும் அமிலமாகப் படிந்து சிலிண்டரின் உள்ளுறையான லைனரை அரிக்கும். வெளியே வரும் தண்ணீரில் கையை இரண்டு, மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு, சுமார் 60 டிகிரி, இருக்கும்படி வால்வைத் திருகிக் குறைக்க வேண்டும். இதற்குப் பைசா செலவில்லை.

டீசல் குழாய் இணைப்பில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஆறு மணி நேரத்தில் ஒரு லிட்டர் மண்ணுக்குப் போயிருக்கும். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் தேய்ந்தால் டீசல் தூவலாக வராமல் ஒழுகலாக வரும். பாரம் குறைவாக இருக்கும்போதும் கறும்புகை வந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

இதற்குப் பிறகும் ஒரு முடிச்சு இருக்கிறது. 15.9 மீட்டருக்கு வாங்கிய 5 எச்.பி. எஞ்சின், 10.3 மீட்டர் வேலையில் மூன்றில் இரண்டு பங்குப் பாரத்தில்தான் ஓடும். குறைந்த பாரத்தில் எந்த டீசல் எஞ்சினும் யூனிட்டுக்கு அதிக எண்ணெய் குடிக்கும். அதனால் பாரம் 35 சதவீதம் குறைந்தாலும் டீசல் மிச்சம் அந்த அளவுக்கு எட்டாது. கடைக்குப் போனதும் 'எத்தனை எச்.பி.?' என்று கேட்பதும் சொல்வதும் நம் பழக்கம். கேட்க வேண்டியது எத்தனை மீட்டர், நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதை.

சரி, டீசலையே விட்டுவிட்டு மின் மோட்டாருக்குப் போனால்? மோட்டார் தனக்கு வந்த மின்சாரத்தில் 85 சதவீதத்தைச் சுழற்சியாக்கும். எஞ்சினின் 30-க்கு முன்னால் பிரமாதம். ஆனால் அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தால், அனல் மின் நிலையத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, கம்பியில் கொஞ்சம் போகிறது. எல்லாம் சேர்ந்து 25 சதவீதம். எரிபொருள் கணக்கில் ஆயில் எஞ்சினைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது: எஞ்சினுக்கு டீசலை விட்டால் கதியில்லை, கம்பியில் எதுவும் வரலாம். முப்பந்தலின் காற்றாலையும் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமும் அதே கம்பியில்தான் ஊற்றுகின்றன. தமிழ்நாட்டில் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் புட்வால்வைப் பற்றிக் கவலைப்படுவோர் இன்னும் குறைந்துபோனார்கள் என்பது தனிக்கதை.

சோலார் பம்புக்கு வந்தால் முன்பு போட்ட கணக்கு பணமாகப் பேசும். விவசாயிகளுக்கு மானியத்தில் சோலார் பம்பு தர 2019-இல் வந்த மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டத்தின் அளவுப்படி 3 எச்.பி. பம்புக்கு 3,000 வாட், 5 எச்.பி.க்கு 4,800 வாட் பேனல். நம் கிணற்றில் பம்பும் மோட்டாரும் சேர்ந்து 45 சதவீதத் திறன் என்று வைத்தால், பழைய 15.9 மீட்டருக்கு 3.5 கிலோவாட் தேவை, 5 எச்.பி. இல்லாமல் முடியாது. சரிசெய்த 10.3 மீட்டருக்கு 2.3 கிலோவாட், 3 எச்.பி. போதும். இடையில் உள்ள 1,800 வாட் பேனலும் கெட்ட புட்வால்வுக்கும் குறுகிய பைப்புக்கும் தீனி போட மட்டுமே. நல்ல வெயில் நாளில் அந்த 3,000 வாட் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் தரும்.

பேனலில் எழுதிய வாட் முழுதாகக் கிடைக்காது. அது 25 டிகிரி சூட்டில் எடுத்த அளவு. சித்திரை மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தொடும், டிகிரிக்கு 0.4 சதவீதம் வீதம் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். அதனால் காற்றோட்டம் இருக்கும்படி தரையிலிருந்து தூக்கி நிறுத்துகிறார்கள். பேனல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒன்றின் மேல் தென்னை ஓலை நிழல் விழுந்தால் மொத்த வரிசையும் தளரும். கழுவுவதைக் காலையில் பேனல் சூடேறும் முன் செய்ய வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஊற்றிவிட்டு அப்படியே காயவிடக் கூடாது. வெள்ளைப் படலம் பிடித்துக்கொள்ளும். உடனே வழித்துவிட வேண்டும்.

அடிக்கடி வரும் புகார், 'காலையில மோட்டார் சுத்துது, தண்ணி வரல'. பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலர் பெட்டியின் டிஸ்ப்ளேயில் ஒரு எண் ஓடும், ஹெர்ட்ஸ். மோட்டாரின் வேகம் அதைப் பொறுத்தது. வெயில் குறைவாக இருக்கும்போது கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் இறக்கி ஓட்டும். பம்பு தூக்கக்கூடிய உயரமோ வேகத்தின் இருமடியில் குறையும். 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 40 மீட்டர் தூக்கும் பம்பு என்றால், நீர்மட்டம் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது, 39.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே தண்ணீர் பைப் பாதியில் நின்றுவிடும். மோட்டார் அதே தண்ணீரைக் கடைந்து சூடாக்கிக்கொண்டிருக்கும். பேனல் பழுதில்லை, கன்ட்ரோலர் பழுதில்லை. உயரத்துக்கு ஒட்டினாற்போல் பம்பு எடுத்ததன் விளைவு. கோடையில் நீர்மட்டம் இன்னும் 5 மீட்டர் இறங்கினால் 43 ஹெர்ட்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். காலையும் மாலையும் கணிசமான நேரம் வீண். பொருத்த வருபவரிடம் பம்பின் ஹெட் அட்டவணையை (எத்தனை மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற பட்டியலை) கேட்டு வாங்கி, கோடை மட்டத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லலாம். குறைந்தபட்ச ஹெர்ட்ஸை கன்ட்ரோலரில் அதற்கேற்ப அமைத்துவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றிச் சூடாகாது.

பழைய ஆயில் எஞ்சினை உடனே விற்றுவிட வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழை முடிந்தும் மேகம் விலகாத நாட்களில் நாற்றங்காலுக்குத் தேவைப்படும். டேங்கைப் பாதியில் விட்டால் உள்ளே ஈரம் படிந்து டீசலுக்கு அடியில் தண்ணீர் சேரும், அது நாசிலுக்கு எமன். முழுக்க நிரப்பி வைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அடி நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடியவிட்டு, கூலிங் தண்ணீர் சூடேறும்வரை ஓட்டி நிறுத்தினால் போதும்.