பிறேக்கில் வைத்த கால் எங்கே இருக்கிறது? புற்றுநோய்ச் சிகிச்சையும் வாகனம் செலுத்துதலும்

தெல்லிப்பழையில் 2013ஆம் ஆண்டு புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்ட பின்னர், சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமை வரை போய்வரும் அலைச்சல் யாழ்ப்பாணத்து நோயாளர் பலருக்குக் குறைந்தது. நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தானே என்று காங்கேசன்துறை வீதியால் தாமே மோட்டார் சைக்கிளில் போய், மருந்தேற்றிக்கொண்டு தாமே திரும்பிவிட எண்ணுவோரும் உண்டு. "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அந்த உணர்வை நம்பலாமா என்பதே இங்கு ஆராய வேண்டியது. ஏனெனில் சில மருந்துகள் தாக்குவது, உடலின் நிலையை மூளைக்கு அறிவிக்கும் நரம்புகளைத்தான்.

கால்விரலின் தொடுகையை உணரும் நரம்புக்கலத்தின் உடற்பகுதி காலில் இல்லை. அது முதுகின் கீழ்ப்பகுதியில் முள்ளந்தண்டை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து அதன் இழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்துக்கு விரல்நுனி வரை ஓடுகிறது. நுனிக்கு வேண்டிய புரதங்களும் சக்தி வழங்கும் இழைமணிகளும் இந்தத் தூரம் முழுவதையும் கடந்தே போய்ச்சேர வேண்டும். அவற்றைக் கொண்டுசெல்லும் தண்டவாளங்களே நுண்புன்குழாய்கள். கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிப்பவையும் நுண்புன்குழாய்களே என்பதால், புற்றுநோய் மருந்துகளில் பக்ளிடாக்சல் அவற்றை அசையவிடாமல் உறையச்செய்தும், வின்கிறிஸ்டின் அவை உருவாகாமல் தடுத்தும் புற்றுக்கலங்களின் பெருக்கத்தை நிறுத்துகின்றன. நரம்புக்கலம் பிரிவதில்லை; ஆயினும் அதன் போக்குவரத்தும் கூடவே குழம்பிவிடுகிறது. மிக நீண்ட இழைதான் முதலில் வாடும். விறைப்பு கால்விரல்களில் தொடங்கி மேலே ஏறுவதற்கும், கைவிரல்களுக்குப் பிந்தியே வருவதற்கும் காரணம் இதுதான்.

விறைப்பு என்றால் எரிவும் குத்தலும் மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். வாகனம் செலுத்துபவருக்கு அதைவிட ஆபத்தானது, பாதம் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்ற உணர்வு மங்குவதாகும். நடந்துபோகையில் செருப்புக் கழன்று பின்னால் கிடக்க, அதை அறியாமலே இரண்டு அடி வைத்துவிடுபவரை எண்ணிப் பாருங்கள்; அந்தப் பாதம்தான் மோட்டார் சைக்கிளின் பின்பிறேக்கையோ காரின் பிறேக்கையோ தேடப்போகிறது. பகலில் கண் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் வீதியைப் பார்க்க வேண்டிய கண் பாதத்தைப் பார்த்தால் அதுவும் விபத்துக்கே வழி. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கும். கால் பிறேக்கைத் தேடுவதில் அரைச் செக்கன் போனால் 7 மீற்றர் போய்விடும். சுன்னாகம் சந்தையடியில் முன்னே செல்லும் பஸ் ஆளேற்றத் திடீரென நிற்கும்போது, அந்த 7 மீற்றரை மேலதிகமாக விட்டு ஓடுபவரை நான் கண்டதில்லை.

சிஸ்பிளாட்டின், ஒக்ஸாலிபிளாட்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகள் நரம்புக்கலத்தின் உடற்பகுதியையே தாக்குபவை. இவற்றால் வரும் விறைப்பு, கடைசி மருந்தேற்றலுக்குப் பின்னரும் சில மாதங்கள் கூடிக்கொண்டே போகக்கூடும். ஆகவே சிகிச்சை முடிந்த கையோடு சாவியை எடுப்பது நல்லதல்ல.

மருந்தேற்றும் நாளின் சிக்கல் வேறு. ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டியே கொடுக்கப்படும் குளோர்பெனிரமின் போன்ற ஊசிமருந்துகள் தூக்கத்தை வருவிக்கும். பக்ளிடாக்சல் நீரில் கரையாததால் வழமையான தயாரிப்பில் அதன் பாதியளவு எதனோல், அதாவது மதுசாரம்தான். 300 மில்லிகிராம் மருந்துடன் ஏறத்தாழ 20 கிராம் எதனோல் உடலுக்குள் போகிறது. மதுவைத் தொட்டறியாத அம்மாவும் அன்று ஓரளவு மதுவை ஏற்றிக்கொண்டே வெளியே வருகிறார்! கூடவே தரப்படும் டெக்ஸாமெதசோன் முதல் ஓரிரு நாட்கள் தெம்பைத் தந்து இரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு, நிறுத்தியதும் ஆளை அயரவைக்கும். முதல் நாள் நன்றாக இருந்தவர் மூன்றாம் நாள் ஸ்கூட்டரில் தூங்கி விழக்கூடியது இதனால்தான்.

வலிக்கு மோர்பின் எடுப்பவர், அதைத் தொடங்கும்போதும் அளவு கூட்டப்படும்போதும் மருத்துவர் சம்மதிக்கும் வரை வாகனம் ஓடக்கூடாது. அளவு நிலைப்பட்டு மயக்கம் நீங்கியவரின் நிலை வேறு. மூளையில் கட்டியோ வலிப்போ உள்ளவர் விடயத்தில், மருத்துவர் அனுமதிக்கும் வரை வாகனம் ஓடும் பேச்சுக்கே இடமில்லை.

இருசக்கர வாகனத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பல மருந்துகளின் பின்னர், ஒன்றிரண்டு கிழமைகளில், குருதியை உறையவைக்க உதவும் குருதிச் சிறுதட்டுக்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது சிறு விழுகையும் பெரிய குருதிக்கசிவாக மாறலாம். முடி கொட்டிய தலையில் பழைய தலைக்கவசம் தளர்ந்து ஆடும் என்பதையும் கவனிப்பவர் குறைவு.

பாதத்தின் உணர்வை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு இருங்கள். வீட்டார் ஒருவர் உங்கள் காலின் பெருவிரலின் இரு பக்கங்களையும் பிடித்து மேலோ கீழோ சற்றே அசைக்கட்டும். எந்தப் பக்கம் அசைந்தது என்று பிழையாகச் சொன்னால், அடுத்த கிளினிக்குக்கு ஓட்டோவிலோ பஸ்ஸிலோ போய், மருத்துவரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைப்பதா மாற்றுவதா என்று அவர் தீர்மானிக்கவும் அந்தத் தகவல் தேவை.