வெய் ச்சி: சீன மருத்துவம் சொல்லும் உடம்பின் காவல்

அடிக்கடி சளி பிடிக்கிறது என்று சீன மருத்துவரிடம் போனால், "சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்க்கிறதா?" என்று கேட்பார். சளிக்கும் வியர்வைக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் கணக்கில் நிறையவே உண்டு.

உடம்பைக் காக்கும் ஆற்றலுக்கு அங்கே வெய் ச்சி என்று பெயர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்டி நெய்ஜிங்' நூலின்படி, அது ரத்தக் குழாய்களுக்கு வெளியே, தோலையும் தசையையும் ஒட்டி ஓடுகிறது. தசைக்குச் சூடு தருவதும், வியர்வைத் துளைகளைத் திறந்து மூடுவதும் அதன் வேலை. துளை சரியாக மூடாவிட்டால் வியர்வை கசியும், குளிர்காற்று உள்ளே புகும். பகலில் உடம்பின் மேற்புறம் 25 சுற்று, இரவில் உள்ளுறுப்புகளில் 25 சுற்று என்று ரோந்துக் கணக்குகூட அதில் இருக்கிறது.

இப்படி ஓர் ஆற்றலை எந்தக் கருவியும் அளந்ததில்லை. சளிக்குக் காரணம் வைரஸ்தான், துளை வழியே புகும் காற்று அல்ல. ஆனால் இந்தக் கருத்தை வைத்து அவர்கள் வகுத்த வீட்டுப் பழக்கங்கள் வேறு விஷயம். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க முடியும்.

பிடரியை மூடிக்கொள் என்பது முதல் பழக்கம். காற்றுக் குளம், காற்று வாசல் என்று பெயர் கொண்ட அக்குபங்சர் புள்ளிகள் பிடரியிலும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான் இருக்கின்றன. 2015-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் மூச்சுப்பாதை செல்களில் ஒரு விஷயத்தைக் கண்டார்கள்: உடம்பின் உட்சூடான 37 டிகிரியைவிட, மூக்குக்குள் இருப்பதுபோன்ற 33 டிகிரியில் செல்களின் எதிர்ப்பு மந்தமாகிறது, சளி வைரஸ் நன்றாகப் பெருகுகிறது. அப்படிப் பார்த்தால் முதலில் மூட வேண்டியது மூக்கை!

நன்றாகத் தூங்கு என்பது அடுத்த பழக்கம். இதில் பழசும் புதுசும் ஒத்துப்போகின்றன. அதே 2015-இல் அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் சுவாரஸ்யமானது ஸூசான்லி என்ற புள்ளி. முழங்கால் சில்லுக்குக் கீழே, வெளிப்பக்கமாக நான்கு விரல் இறக்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி அழுத்தினால் மந்தமாக ஒரு வலி தெரியும். இங்கே தினமும் சில நிமிடம் கட்டைவிரலால் அழுத்தச் சொல்வார்கள். 2021-இல் ஹார்வர்டின் ச்யூஃபூ மா குழு எலிகளின் பின்னங்காலில் இதே இடத்தில் ஊசி குத்தி மெல்லிய மின்சாரம் செலுத்தியது. அங்கே ஆழத்தில் இருக்கும் ஒருவகை நரம்பிழைகள் தூண்டப்பட்டன. செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு வந்தது. சுரப்பி விட்ட ரசாயனங்கள் அழற்சியைத் தணித்தன. வயிற்றில் அதே அளவு மின்சாரம் கொடுத்தபோது இந்தப் பாதை வேலை செய்யவில்லை. அந்த இழைகள் அங்கே அப்படி இல்லை. சரி, நம் கட்டைவிரலுக்கும் இதே பலன் உண்டா? அந்த ஆய்வு அதைச் சோதிக்கவில்லை. தவிர, அங்கே நடந்தது எதிர்ப்பைக் கூட்டுவதல்ல, மிதமிஞ்சிய எதிர்ப்பை அடக்குவது.

அப்புறம் மூலிகை. வெய் ச்சிக்கென்றே பெயர்பெற்ற 'பச்சைமணித் திரை' சூரணத்தில் முக்கியச் சரக்கு அஸ்ட்ராகலஸ் வேர். இது நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டக்கூடியது என்பதால், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.