புறவெப்பி: ‘குளிர் இரத்தப் பிராணி’க்கு மாற்றுச் சொல்

பல்லி, ஓணான், உடும்பு எல்லாவற்றையும் ‘குளிர் இரத்தப் பிராணிகள்’ என்றே பள்ளியில் படிக்கிறோம். வட அமெரிக்கப் பாலைவன இகுவானா என்ற பல்லி பகலில் ஓடித் திரியும்போது அதன் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நம் இரத்தமோ 37 டிகிரிதான். இதில் யாருடைய இரத்தம் குளிர்ந்தது?

துறைச் சொல் ‘எக்டோதெர்ம்’. கிரேக்கத்தில் ‘எக்டோஸ்’ என்றால் வெளியே, ‘தெர்மே’ என்றால் வெப்பம். வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையே இச்சொல் குறிக்கிறது; உடல் எவ்வளவு சூடு என்பதை அல்ல. பாலைவனப் பல்லிகள் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய் உடல் வெப்பத்தைக் குறுகிய வரம்புக்குள் காப்பதை கவுல்ஸ், போகர்ட் என்ற ஆய்வாளர்கள் 1944இல் விளக்கினார்கள். ஆகவே ‘மாறுவெப்பி’ என்பதும் இதற்குப் பொருந்தாது. அது, உடல் வெப்பம் மாறிக்கொண்டே இருக்கும் பிராணியைக் குறிக்கும் ‘பொய்கிலோதெர்ம்’ என்ற வேறு சொல்லுக்கு உரியது.

தமிழில் ‘புறவெப்பி’ சரியாக அமைகிறது. உடலுக்குள்ளேயே வெப்பம் உண்டாக்கும் பறவைக்கும் பாலூட்டிக்கும் ‘அகவெப்பி’.

இந்த வேறுபாடு ஓட்டத்தில் தெரியும். தசை சுருங்கும் வேகம் வெப்பத்தைச் சார்ந்தது. உடல் சூடேற ஏற ஓட்டவேகம் மெல்ல ஏறி, உச்சத்தைத் தாண்டியதும் சட்டென்று சரியும். காலைக் குளிரில் அசையாமல் கிடக்கும் ஓணானைச் சோம்பேறி என்பது தவறு. அதன் தசை இன்னும் சூடேறவில்லை.

ஏமன் பச்சோந்தியின் நாக்கு இதற்கு அருமையான விலக்கு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் நாக்கை உள்ளிழுக்கும் வேகம் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. வெளியே எய்யும் வேகமோ 20 விழுக்காடுகூடக் குறைவதில்லை. உள்ளிழுப்பது நேரடித் தசைவேலை. எய்வதற்கு, தசை முன்கூட்டியே இழுத்து வைத்த மீள்திசு வில்போல் விடுபடுகிறது. அதைக் குளிர் அவ்வளவாகத் தொடுவதில்லை.

பல்லியின் ஓட்டவேகத்தை அளப்பவர்கள் அறையின் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்திவிடக் கூடாது. ஓடி முடித்த சில நொடிகளுக்குள் கழிவுப்புழையில் மெல்லிய வெப்பமானி முனையை வைத்து உடல் வெப்பத்தையே எடுக்க வேண்டும். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் சிறிய பல்லி கைச்சூட்டில் விரைவில் சூடாகிவிடும், அளவு கெடும்; கால்களில் மட்டும் பிடித்தால் போதும். ஓட்டங்களுக்கிடையே ஓய்வும் தேவை. வேக ஓட்டத்துக்குப் பல்லிகள் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாத வழியில் ஆற்றல் எடுப்பதால், சீக்கிரம் களைத்துவிடும். களைத்த பல்லியை மறுபடி ஓடவிட்டால், அந்தத் தளர்ச்சியை வெப்பத்தின் விளைவென்று தவறாகக் குறித்துவிடுவோம்.