பம்புசெட் ஓடும் கம்பியில் செய்தி எப்படிப் பிழைக்கிறது?

குறுவைக் காலத்தில் மன்னார்குடிப் பக்கம் மும்முனை மின்சாரம் வந்ததும் பம்புசெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும். ஸ்டார்ட்டர் 'டக்' என்று பிடிக்கும்போது உள்ளே சின்னப் பொறி பறக்கும். அதன் மின் இரைச்சல் கம்பியிலும் பாயும். விளக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மின் மீட்டரின் கணக்கும் செய்தியாக அதே கம்பியில் போகிறதென்றால், அடுத்தடுத்த பிட்டுகள் (0, 1 என்னும் குறிகள்) கொத்தாக அழிந்துவிடும்.

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மேல் செய்தி மெல்லிய உயர் அதிர்வெண் அலையாக ஏறிப் போகிறது. அதன் வலிமையை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. மற்ற கருவிகளுக்கு அது தொல்லை. அதனால் செய்தியை அடுக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நான்கு ஊர்ப் பெயர்களை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்: குடவாசல், திருவாரூர், பாபநாசம், நன்னிலம். எல்லாமே ஐந்தெழுத்து. இதே வரிசையில் அனுப்பும்போது கடைசி நான்கு எழுத்தை இரைச்சல் தின்றுவிட்டால் 'ந' மட்டும் மிஞ்சும். அது நன்னிலமா, நல்லூரா, யார் சொல்வது?

சரி, பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலிருந்து கீழாகப் படித்து அனுப்புவோம்: 'குதிபாந', 'டருபன்', 'வாவாநானி', 'சரூசல', 'ல்ர்ம்ம்'. இப்போது மூன்றாம் கொத்து முழுக்கப் போனாலும், மறுமுனையில் திருப்பி அடுக்கினால் குட_சல், திரு_ரூர், பாப_சம், நன்_லம். டெல்டாக்காரர் யாரும் நிரப்பிவிடுவார். அழிந்தது அதே நான்கு எழுத்துதான். சேதம் நான்கு பெயருக்கும் பகிர்ந்துவிட்டது. எனக்கு இதைவிட அழகான உத்தி இந்தத் துறையில் தெரியாது. ஆனால் அடுத்த கொத்தும் சேர்ந்து போனால் பெயருக்கு இரண்டெழுத்து குறையும். ஆகவே இரைச்சல் நீடிக்கும் நேரத்தைவிட அகலமாகப் பரப்ப வேண்டும். அதற்காகச் சற்றுக் காத்திருக்கவும் வேண்டும். மீட்டர் கணக்குக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டில்லை.

எந்திரத்துக்கு ஊர்ப் பெயர் தெரியாதே? அங்கேதான் 1960-இல் கணிதவியலாளர்கள் இர்விங் ரீடும் கஸ்டாவ் சாலமனும் தந்த குறிமுறை உதவுகிறது. செய்தியிலிருந்தே கணக்கிட்ட கூடுதல் குறியீடுகளைக் கூடவே அனுப்புவார்கள். இரண்டு கூடுதல் குறியீடு இருந்தால், எங்கே என்று தெரியாத ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தலாம். இடம் தெரிந்தால் இரண்டைத் திருத்தலாம்.

சார்ஜர், எல்இடி விளக்கு இவற்றின் இரைச்சல் வேறு மாதிரி. சில அதிர்வெண்களில் விடாமல் உட்கார்ந்திருக்கும். மின்கம்பி வழியே செய்தி அனுப்புவதற்கான ஜி3-பிஎல்சி என்னும் தரமுறை ஐரோப்பிய அலைவரிசையில் செய்தியை 36 துணை அலைகளில், சுமார் 36 முதல் 91 கிலோஹெர்ட்ஸ் வரை, பிரித்து அனுப்புகிறது. கெட்டுப்போன அலைகளை ஒதுக்கிவிடலாம். நிலைமை ரொம்ப மோசமென்றால் ஒவ்வொரு பிட்டையும் நான்கு முறை அனுப்பும். வேகம் அதற்கேற்பக் குறையும்.

இத்தனைக்கும் தப்பிய பிழையை, செய்தியின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுக்கும். கணக்கு ஒத்துவரவில்லையென்றால் பெறும் கருவி ஏற்றுக்கொண்டதாகப் பதில் தராது; அனுப்பிய கருவி மறுபடி அனுப்பும். ஸ்டார்ட்டர் பொறியோ அதற்குள் அடங்கியிருக்கும்.