ஒரு கிலோ குறைக்க எத்தனை டாலர்?

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு இன்ஜின் வேலை செய்து கொடுக்கிறேன். மாஸ்டா காரின் 13பி ரோட்டரியை (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின்) எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்பது: "இரும்புத் தட்டுகளைக் கழற்றிவிட்டு அலுமினியம் போட்டால் என்ன?"

நியாயமான ஆசைதான். 1308 சிசி, இரண்டு ரோட்டர், வால்வு கிடையாது, கேம் கிடையாது. ரோட்டரைச் சுற்றியிருக்கும் ஹவுசிங் ஏற்கெனவே அலுமினியம். முன், நடு, பின் என்று மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகளில்தான் கனம் உட்கார்ந்திருக்கிறது. வார்ப்பிரும்பின் அடர்த்தி ஏறத்தாழ 7.2, அலுமினியத்துக்கு 2.7. யாருக்கும் கை பரபரக்கும்.

ஒருவர் பழைய அலுமினியத் தட்டு ஒன்றை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். சைடு சீல் (ரோட்டரின் பக்கவாட்டில் வாயு கசியாமல் அடைக்கும் மெல்லிய பட்டை) ஓடும் தடத்தில் நகக்கண் அளவுக்குப் பூச்சு உரிந்திருந்தது. விரலை ஓட்டினால் நகம் தட்டியது. வெறும் அலுமினியத்தின் மேல் சீல் உரசி ஓட முடியாது, அதனால்தான் கடினமான பூச்சு கொடுக்கிறார்கள். இரும்புத் தட்டு தேய்ந்தால் ஓரளவுக்கு லேப்பிங் செய்து, அதாவது தேய்த்துச் சமதளமாக்கி, மறுபடி போடலாம். இதில் பூச்சு போனால், திரும்பப் பூசித் தருகிற ஆளைத் தேட வேண்டும். விலைச்சீட்டில் இந்தச் செலவு இருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, 3,000 டாலர் கொடுத்து 12 கிலோ குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 250 டாலர். அதே விமானத்தில் ஈய பேட்டரியை எடுத்துவிட்டு 300 டாலருக்கு லித்தியம் போட்டு 4 கிலோ குறைத்தால், கிலோவுக்கு 75 டாலர்தான். (அதற்கேற்ற சார்ஜிங் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும், அதன் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) மலிவான கிலோவை முதலில் குறையுங்கள். அப்புறம் தட்டுக்குப் போகலாம்.

இன்ஜினை மட்டும் தராசில் வைத்து, சிறு விமானங்களில் வழக்கமாக இருக்கும் லைகமிங் இன்ஜினோடு ஒப்பிடுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். லைகமிங் காற்றில் குளிர்கிறது, புரொப்பெல்லரை நேராகச் சுற்றுகிறது. ரோட்டரிக்கு ரேடியேட்டர், தண்ணீர், பெரிய ஆயில் கூலர் எல்லாம் வேண்டும். ரோட்டரையே ஆயில்தான் குளிர்விக்கிறது. 6,000 ஆர்பிஎம்மைப் புரொப்பெல்லருக்குத் தகுந்தபடி குறைக்க கியர்பாக்ஸும் வேண்டும். அத்தனையையும் சேர்த்து எடை போட்டுவிட்டு வந்து பேசுங்கள். கூலரில் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் போய்விடும், இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டியதுதான்.

எடை எங்கே குறைகிறது என்பதுதான் எனக்கு மிகவும் கவலை. லாங்-ஈஸீ போல இன்ஜின் பின்னால் இருக்கும் விமானத்தில் பின்பக்கம் ஒரு கிலோ குறைந்தால், ஈடுகட்ட மூக்கில் வைக்கும் பாரமும் குறையலாம், இரட்டை லாபம். ஆர்வி மாதிரி இன்ஜின் முன்னால் இருந்தால் கதை வேறு. மூக்கு லேசானால் எடை மையம் பின்னால் நகரும். பின்சீட்டில் ஆள், சாமான் அறையில் பெட்டி என்று ஏற்றும்போது எடை மையம் அதற்கு அனுமதித்த பின் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். அப்படிப்பட்ட விமானம் ஸ்பின்னில் (சுழன்றபடியே கீழே இறங்குவது) விழுந்தால் மீளாமலே போகலாம். பணம் கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அலுமினியத் தட்டோடு வந்த அந்த நண்பர் கடைசியில் இரும்புத் தட்டையே லேப்பிங் செய்து மாட்டினார். பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றியதில் 6 கிலோ குறைந்தது. மிச்சப் பணத்தில் பெரிய ஆயில் கூலர் வாங்கச் சொன்னேன், வாங்கிவிட்டார்.