பெட்டியின் பின்பக்கம்

ஆடி மாதக் கோயில் கொடை விழாக்கள் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, துண்டில் சுற்றிய பெட்டி ஒன்றைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் என் ஒலிப்பதிவு அறைக்கு வந்தான். வெளிநாட்டில் யாரோ பயன்படுத்திய ரிவெர்ப் கருவி, அதாவது பாட்டுக்கு மண்டபத்தில் கேட்பது போன்ற கார்வையைச் சேர்ப்பது. ஆன்லைனில் பார்த்து, சுங்க வரியும் கட்டி வரவழைத்திருக்கிறான்.

“போட்டவுடன் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது அண்ணாச்சி. அப்புறம் கருகிய வாடைதான்.”

பெட்டியைத் திருப்பினேன். மின்கம்பி நுழையும் இடத்தருகே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நம் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். “முன்பக்கப் படத்தை மட்டுந்தானே பார்த்தேன்” என்றான் பாவம். விற்றவரும் முன்பக்கத்தைத்தான் படம் பிடித்துப் போட்டிருந்தார்.

இப்படி ஒலிக்கு மெருகேற்றும் எஃபெக்ட்ஸ் கருவி வாங்க யோசனை கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட், ஜப்பான் பெட்டி 100 வோல்ட். சிலவற்றில் வோல்டேஜை மாற்றும் சுவிட்ச் இருக்கும். புதிய கருவிகள் பலவற்றில் 100 முதல் 240 வரை எதுவானாலும் தாங்கும் பவர் சப்ளை இருக்கும். இரண்டும் இல்லையென்றால் வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். அதைக் கருவிக்குப் பக்கத்திலேயே வைத்தால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் கூடவே வரும் என்பதையும் மறக்காதீர்கள். சுவரில் செருகும் அடாப்டரோடு வரும் சிறிய பெட்டிகளில் இன்னொரு கண்ணி உண்டு. பழைய கருவிகள் சில 9 வோல்ட் ஏ.சி. அடாப்டரில் ஓடுபவை. கடையில் கிடைக்கும் 9 வோல்ட் டி.சி. அடாப்டரும் அதே துளையில் அழகாகப் பொருந்தும். கருவி மட்டும் வேலை செய்யாது.

சரி, அந்தத் தம்பிக்கு ரிவெர்ப் பெட்டி தேவைதானா? இல்லை என்பது என் கருத்து. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

1957இல் ஜெர்மனியில் வந்த ஈ.எம்.டி. 140 என்ற ரிவெர்ப் கருவி, சட்டகத்தில் தொங்கும் ஒரு பெரிய எஃகுத் தகடு. எடை ஏறத்தாழ 270 கிலோ. தகடு அதிர்வதால் பிறக்கும் கார்வை அது. அதை வாங்கியவர் ஒரு பொருளை வாங்கினார். 1978இல் வந்த லெக்ஸிகான் 224 முதற்கொண்டு டிஜிட்டல் ரிவெர்ப் பெட்டிகள் எல்லாமே உள்ளே கணக்குப் போடும் கணினிகள்தாம். அந்தக் காலத்தில் அந்தக் கணக்கைப் போடத் தனிப் பெட்டி தேவைப்பட்டது. இன்று உங்கள் மடிக்கணினி அதைப்போலப் பத்துக் கணக்கை ஒரே நேரத்தில் போட்டுவிடும். அறைக்குள் பாட்டுப் பதிவு செய்கிறவர் டிஜிட்டல் ரிவெர்புக்காகத் தனிக் கருவி வாங்குவது, ஆற்றங்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது போல. கொடை மேடையில் மைக் செட் நடத்துகிறவருக்கு இது பொருந்தாது. ஜெனரேட்டர் மின்சாரத்திலும் புழுதியிலும் மடிக்கணினியை நம்பி நிற்பதைவிட, திருகினால் உடனே பேசும் பெட்டியே மேல்.

நல்ல ரிவெர்ப் எது என்று காதுக்குப் பழக்க வேண்டுமானால் செலவே இல்லை. நெல்லையப்பர் கோயிலில் சங்கிலி மண்டபத்தில் சற்று நேரம் நின்று, தூரத்தில் யாராவது தேவாரம் பாடும்போது கேளுங்கள். சொல் முதலில் வந்து சேரும், கல்லின் பதில் கொஞ்சம் கழித்து வரும். அந்த இடைவெளியைத்தான் கருவியில் ப்ரீ டிலே என்கிறார்கள். பிறகு பாளையங்கோட்டையில் ஊசிக் கோபுரம் என்று அழைக்கப்படும் தேவாலயத்துக்குப் போய்ப் பாடகர் குழு பாடுவதைக் கேட்டால், கூரையும் சுவரும் வேறாகும்போது கார்வை எப்படி மாறுகிறது என்று புரியும். ‘எக்கோவைக் கூட்டுங்கள்’ என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது அந்தச் சிறு இடைவெளிதான்.

கையிருப்பில் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் கம்ப்ரஸரைத்தான் சொல்வேன். குரல் பதிவாகும் போதே அது வேலை செய்யும். திடீரென்று எகிறும் குரல் கணினிக்குள் போய் வெடிக்கும் முன்பே அடக்கி அனுப்பும். கணினிக்குள் இருக்கும் எந்த பிளக் இன் மென்பொருளாலும் வெடித்த பிறகு முழுதாக மீட்க முடியாது. ஆனால் எந்தக் கம்ப்ரஸர்?

எனக்கு இதில் பாடம் எடுத்தது வில்லுப்பாட்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவைப் பதிவு செய்தேன். புலவர் வீசுகோலோடு வில்லின் முன் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், கட்டை. மொத்தத்தையும் ஒரே கம்ப்ரஸர் வழியாக அனுப்பினேன். அன்றிரவு வீட்டில் போட்டுக் கேட்டால், குடத்தில் அடி விழும் ஒவ்வொரு முறையும் புலவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கி ஏறுகிறது. கம்ப்ரஸருக்குக் கதை தெரியாது. எது பலமோ அதைக் கண்டு குனியும். குடத்தின் தாழ்ந்த ஓசைதான் அங்கே பலம். வீசுகோல் பட்டு எழும் மணியோசை வேறு ஒவ்வொரு குனிதலிலும் மங்கியது.

அடுத்த நாள் அட்டாக்கை, அதாவது பலத்த ஓசையைக் கண்டதும் கம்ப்ரஸர் அடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை, வேகமாக்கிப் பார்த்தேன். குடம் செத்துப்போனது. அடியின் முதல் சில மில்லி வினாடிகளில்தான் குடத்தின் உயிர் இருக்கிறது. அதை நசுக்கிவிட்டால் வெறும் ஓட்டை பிளாஸ்டிக் வாளி. 1967இல் வந்த 1176 என்ற புகழ்பெற்ற கம்ப்ரஸரில் அட்டாக்கை எவ்வளவு மெதுவாக வைத்தாலும் ஒரு மில்லி வினாடிக்குள் பிடித்துவிடும். கணக்கு 20 முதல் 800 மைக்ரோ வினாடி. அதன் குமிழ் எதிர்த்திசையில் வேலை செய்யும். வலப்பக்கம் திருகத் திருக வேகம். இதைத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தவர்களை நான் அறிவேன். எல்.ஏ. 2ஏ வகைக் கருவியில் ஒளியைக் கொண்டு அடக்குவதால் ஏறத்தாழ 10 மில்லி வினாடி பொறுத்துத்தான் பிடிக்கும். குரலுக்கு அது இதமாக இருக்கும். இன்று இவற்றின் வழியில் செய்த மலிவான கருவிகள் நிறையக் கிடைக்கின்றன. பெயரைப் பார்க்காமல் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: அட்டாக் நேரத்தை 20, 30 மில்லி வினாடி வரை தள்ள முடிகிறதா, தாழ்ந்த ஓசைக்குக் கம்ப்ரஸர் குனியாமல் தடுக்கும் சைட் செயின் ஃபில்டர் இருக்கிறதா. இந்த ஃபில்டர் இருந்திருந்தால் அன்று புலவர் கிணற்றில் இறங்கியிருக்க மாட்டார். வில்லுக்கும் மகுடம் என்னும் பறைக்கும் தவிலுக்கும் பதிவு செய்யும் நம் ஊர்க்காரருக்கு அது ஆடம்பரம் இல்லை.

மறுபடியும் பின்பக்கம். தொழில்முறைக் கருவிகள் ப்ளஸ் 4 என்ற ஒலி மின்னளவில் பேசுபவை, அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகள் மைனஸ் 10, சுமார் 0.32 வோல்ட். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். பொருத்தம் பார்க்காமல் இணைத்தால் ஒரு பக்கம் இரைச்சல் ஏறும், மறுபக்கம் ஒலி சிதறும். கிட்டார் பெடலை இதற்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் நடுவில், ஒலியைப் பெடலுக்கு ஏற்ற அளவுக்கு மாற்றும் ரீ ஆம்ப் பெட்டி ஒன்று வைக்க வேண்டும்.

ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுபோகும் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் பின்பக்கத்தையும் பாருங்கள். இரண்டு அவுட்புட் மட்டும் இருந்தால் அவை ஸ்பீக்கருக்கே சரியாகப் போய்விடும். பதிவான பாட்டை வெளிக்கருவிக்கு அனுப்பித் திரும்ப வாங்க, ஸ்டீரியோ என்றால், மேலும் இரண்டு அவுட்புட்டும் இரண்டு இன்புட்டும் வேண்டும். இதை யோசிக்காமல் பெட்டி வாங்கி, பிறகு பெட்டிக்காக இன்டர்ஃபேஸ் வாங்கியவர்கள் பலர். போய்த் திரும்பும் ஒலி சற்றுத் தாமதித்து வரும். அசல் ஒலியோடு அதைக் கலந்தால், ஒரு மில்லி வினாடித் தாமதம்கூட 500 ஹெர்ட்ஸில் ஓசையை அழித்து ஒரு பள்ளம் தோண்டிவிடும். ஒரு ‘டிக்’ ஒலியை அனுப்பித் திரும்பப் பதிவு செய்து, எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து முன்னுக்கு நகர்த்துங்கள்.

இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் மைக் செட்காரர்களிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இரைச்சல் போகும். ஆனால் கருவிக்குள் ஒரு கம்பி அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரத்துக்கு மைக்கைப் பிடித்திருக்கும் பாடகர்தான் எர்த். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகுங்கள். வெளி இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கருவிகளை நேரடிக் கம்பித் தொடர்பின்றி இணைத்து ஒலியை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்.

கருவியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் எங்கள் ஊரில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு என் அறையில் கீழ்த்தட்டில் எந்தக் கருவியும் கிடையாது. மாடியில் இருப்பவனுக்கு என்ன பயம் என்று கேட்காதீர்கள், அப்போது நான் கீழ்த்தளத்தில் இருந்தேன்.

பழைய கருவியை நேரில் பார்த்து வாங்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் ஹெட்போனையும் உங்களுக்குப் பழக்கமான ஒரு பதிவையும் கொண்டுபோங்கள். ஒலி எதுவும் அனுப்பாமல் அவுட்புட்டை முழுக்கக் கூட்டி வெறும் இரைச்சலைக் கேளுங்கள். ஒவ்வொரு குமிழையும் கடைசிவரை திருகுங்கள். கரகரப்புக் கேட்டால் பெரும்பாலும் துடைத்தால் போகும், ஆனால் அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பழைய டிஜிட்டல் கருவி என்றால் நீங்கள் சேமித்த அமைப்புகளை நினைவில் வைக்க உள்ளே ஒரு சிறு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் பற்றவைத்தது. ஒரு அமைப்பைச் சேமித்து, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். கெபாசிட்டர்கள் வயதாகிக் காய்ந்திருந்தால் கருவி சூடான பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். விற்பவர் கொடுக்கும் காபியை மெதுவாகக் குடியுங்கள். ஒரு மணி நேரமாவது ஓடட்டும்.